கோப்பையில் எழுதும் பெயர்

என் பெயர் நவநீதம்.
சட்டையில் குத்தும் பட்டையில் இடம் போதவில்லை என்று
'நவி' ஆக்கிவிட்டார்கள்.
முதல் வாரம் யாரோ கூப்பிட
நான் திரும்பவே இல்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு:
மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை.
கடை திறந்த அன்று தாவூத் ஒன்று சேர்த்தான்:
ஊரில்லாத காபி.
சரிதான்.
கண்ணாடிக்கு வெளியே வேலூர், கத்திரி வெயில், நாற்பத்திரண்டு.
உள்ளே இருபது டிகிரி,
அது எந்த ஊரும் இல்லை.

போன மாதம் முதுகுப்பையோடு ஒரு வெள்ளைக்காரர்
கோட்டையைச் சுற்றிவிட்டு வந்தார்.
பலகையை அண்ணாந்து பார்த்து
'இங்கேயுமா' என்பதுபோல் தலையை ஆட்டினார்.
அவருக்கு வேண்டியது பித்தளை டபரா,
உயரத் தூக்கி ஆற்றுகிற கை, ஒரு போட்டோ.
எதிர்ச்சாரியைக் காட்டினேன். போனார்.
பத்து நிமிடத்தில் திரும்பி வந்து
கழிவறை எந்தப் பக்கம் என்றார்.

கேலி இல்லை. இடைவேளையில்
நானும் எதிர்ச்சாரிக்குத்தான் போகிறேன்.
அங்கே டீ பன்னிரண்டு ரூபாய்.
இங்கே என் ஒரு நாள் சம்பளத்துக்கு
இரண்டு கோப்பை குடிக்கலாம்,
குடித்துவிட்டு சத்துவாச்சாரிக்கு நடந்தே போகலாம்.

ஆனால் இந்த ஊருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர்
எதையும் பார்க்க வருவதில்லை.
எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்து
ஹவுரா ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து
காட்பாடியில் இறங்கி
லாட்ஜில் ஸ்டவ் வாடகைக்கு எடுத்து
கடுகெண்ணெயில் மீன் வறுக்கிறவர்கள்.
ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு எண்.
நான் பெயர் கேட்பேன்.
கேட்பதற்குத்தான் சம்பளம்.

ஐஸ்வாலிலிருந்து வந்த ஸோதன்புயி சொன்னாள்:
ஆட்டோ எவ்வளவு, தண்ணீருக்குக் காசா,
ரத்தம் எடுக்கிற கட்டிடம் எது,
கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்துவிட்டது.
குவாஹாட்டி ஏர்போர்ட்டிலும் இதே கடை, இதே பலகை.
எதையும் கேட்க வேண்டாத ஒரே இடம் இது.
சொல்லிவிட்டு மேசையில் தலைசாய்த்துத் தூங்கினாள்.
மேனேஜர் என்னைப் பார்த்தார்.
நான் பால் ஜக்கைப் பார்த்தேன்.

பசீர்ஹாட்காரர் ஒருவர்
இருப்பதிலேயே சின்னக் கோப்பை, மூன்று மணி நேரம்.
பெயர் கேட்டால் 'ஷெஃபாலி' என்றார்.
ஆம்பிளைக்கு ஷெஃபாலியா? காது கேட்ட மட்டும் எழுதினேன்,
அவசரத்தில் தமிழில்.
பதினேழு நாள் 'ஷெஃபாலி' என்று கத்தினேன்,
பதினேழு நாளும் அவர் எழுந்து வந்தார்.
குடித்த கோப்பையைக் கழுவி, துடைத்து,
பையில் வைத்துக்கொண்டு போவார்.

பதினெட்டாம் நாள் 'நிமாய்' என்றார்.
பேனா நின்றுவிட்டது.
கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?
அவரே கையை நீட்டினார், கண்ணாடிக்கு வெளியே,
ரோட்டைத் தாண்டி, டீக்கடை பெஞ்சை.
தலைமுடி இல்லை, மஞ்சள் துணி கட்டியிருந்தாள்,
பொறையைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.
உள்ளே வரமாட்டாளாம்.
குளிர் ஆகாது. காபி வாசனைக்குக் குமட்டும்.
அவர் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு
வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

இடைவேளையில் போனேன்.
மாத்திரை விழுங்க அவள் கையில் பழைய கோப்பை,
என் கையெழுத்து கொஞ்சம் கரைந்திருந்தது.
இதில் நான் எங்கே என்று சைகையில் கேட்டாள்.
முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.
விரலால் ஒருமுறை அதன் மேலேயே போய்ப் பார்த்தாள்.
பிறகு என்னைக் காட்டி, நீ?

பட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு
நவநீதம் என்றேன்.
'நொபோநீதோம்' என்றாள்.
வாயில் உருண்டதே தவிர
ஓர் எழுத்தும் குறையவில்லை.
டீ ஆறிவிட்டது.
இன்னும் நாலு நிமிடம் இருந்தது.